லோரிக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்: முதல் கழுவலிலிருந்து கடைசித் துடைப்பு வரை

சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஓடும் லோரிகளில் மூன்று அழுக்கு தவறாமல் இருக்கும்: செம்பனை எண்ணெய், உரத்தின் உப்பு, செம்மண். பெயிண்ட் உரிந்து திரும்பி வரும் லோரிகளில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது இந்த மூன்றில் ஒன்றுதான். பெயிண்ட் டின் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் பிசுபிசுவென்றோ துருத்தூளோடோ இருந்தால், தவறு பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே நடந்துவிட்டது.

எங்கள் பட்டறையில் மூன்று டன் லோரி ஒன்றைத் தயார் செய்ய ஐந்து நாள் ஆகும். மேல் பூச்சு அடிக்க அரை நாள் போதும். புதிதாக வரும் தம்பிகள் ஐந்து நாள் வேலையை இரண்டு நாளில் முடிக்கப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், வரிசையை மாற்றிவிடுவார்கள். ஒவ்வொரு வேலையையும் ஒழுங்காகவே செய்திருப்பார்கள், ஆனால் முன்பின்னாக. அதனால் இங்கே என்ன செய்வது என்பதோடு, எதற்கு முன் எதைச் செய்வது, ஏன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. கையில் தண்ணீர்க் குழாய் எடுப்பதற்கு முன்

முதலில் கைப்பேசியை எடுத்து லோரியைச் சுற்றிப் படம் பிடியுங்கள். கதவில் உரிமையாளர் பெயர், முகவரி, சுமையோடும் சுமை இல்லாமலும் லோரியின் எடை எல்லாம் எழுதியிருக்கும். பெயிண்ட் அடித்த பிறகு அதையெல்லாம் அப்படியே திரும்ப எழுத வேண்டும். தேய்த்து அழித்துவிட்டு உரிமையாளரிடம் எடையைக் கேட்டால் அவருக்கும் ஞாபகம் இருக்காது.

நிறம் மாறுகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறம் மாறினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவிலும் மாற்ற வேண்டும். அது உரிமையாளரின் வேலைதான், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நம் கடமை. வணிக வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை உண்டு. அந்தத் தேதி எப்போது என்று கேட்டு, அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே வேலை முடிகிற மாதிரி வைத்துக்கொண்டால் கடைசி நேர அவசரம் இருக்காது.

சேசிஸ் நம்பர் அடித்த இடத்தைக் கண்டுபிடித்துச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். அங்கே கிரைண்டர் போகவே கூடாது. எழுத்து தேய்ந்துபோனால் சோதனையில் லோரி நின்றுவிடும்.

2. தயாராக வைத்திருக்க வேண்டியவை

80, 120, 180, 320, 400 நம்பர் உப்புத்தாள் (நம்பர் கூடக் கூடத் தாள் மென்மை). துருவுக்குக் கிரைண்டரும், மூலைகளுக்குக் கையால் தேய்க்கும் வயர் பிரஷும். எண்ணெய் நீக்கும் திரவம், அதாவது கடையில் ‘டிகிரீஸர்’ அல்லது ‘வேக்ஸ் ரிமூவர்’ என்று கேட்டால் கொடுப்பது. நூல் உதிராத வெள்ளைத் துணி நிறைய. தகட்டில் முதலில் அடிக்கும் எபோக்சி பிரைமர், பள்ளம் நிரப்பும் புட்டி, மாஸ்கிங் டேப், மாஸ்கிங் பேப்பர், தண்ணீர் பிடிக்கும் வடிகட்டி போட்ட கம்ப்ரசர்.

துணி வெள்ளையாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அழுக்கு வருகிறதா இல்லையா என்பது வெள்ளைத் துணியில்தான் தெரியும். பழைய டீசட்டையைக் கிழித்துப் பயன்படுத்தினால் துணி மென்மையாக்கியின் பிசுக்கு லோரியில் ஏறிவிடும்.

முகக்கவசத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். தேய்க்கும்போது தூசுக்கான கவசம், பிரைமரும் தின்னரும் கையாளும்போது கரி வடிகட்டி போட்ட கவசம். பழைய மஞ்சள், ஆரஞ்சுப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தூசு நுரையீரலோடு நிற்காது, ரத்தத்துக்கும் போகும். இறுக வைக்கும் ஹார்ட்னர் கலக்கும் டூகே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒரு முறை அது ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், அப்புறம் கொஞ்சம் வாசனை பட்டாலே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். அதை அடிப்பதற்கு வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் கவசம்தான் சரி. தின்னர் நனைந்த துணிகளை மூடி போட்ட இரும்பு வாளியில் போடுங்கள். மூலையில் குவித்து வைத்தால் ஒரு தீப்பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும்.

3. கழுவுதல்: தேய்ப்பதற்கு முன், எப்போதும்

இந்த ஒரு படியைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். உப்புத்தாள் தொடும் முன் லோரி கழுவி, எண்ணெய் எடுத்து, காய்ந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் நான் பட்டறைக்குப் போவதற்குள் ஒரு தம்பி, செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் பக்கத் தகட்டை 80 நம்பரில் தேய்க்க ஆரம்பித்திருந்தான். சுறுசுறுப்பான பையன். “அண்ணே, இந்தத் தாள் நல்லா இல்ல, நாலு மாத்திட்டேன்” என்றான். கீழே கிடந்த வட்டத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். நாலிலும் மணல் தெரியவில்லை. பழுப்பு மெழுகு போல எண்ணெய் அப்பியிருந்தது. தாளில் ஒரு குறையும் இல்லை. தகட்டின் மேல் கிடந்த எண்ணெயை அவன் தன் கையாலேயே கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றியிருந்தான். பிறகு மூன்று முறை துடைத்தோம். அப்படியும் பிரைமர் அடித்தபோது கம்பிச் சட்டங்களின் ஓரத்தில் பொட்டுப் பொட்டாகப் பள்ளம் விழுந்தது. பெயிண்ட் விலகி நடுவில் தகரம் தெரியும் அந்தப் பள்ளத்தைத்தான் மீன்கண் என்போம். அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப உரித்தோம்.

செம்பனை எண்ணெய்க்குச் சுடுதண்ணீர் வேண்டும். ஏறக்குறைய 35 டிகிரியில்தான் அது முழுதாக உருகும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் மண் போகும், எண்ணெய் கெட்டியாக அப்படியே உட்கார்ந்திருக்கும். கை பொறுக்கும் சூட்டில் சோப்பு கலந்து பிரஷ் போட்டுத் தேயுங்கள். கீலுக்குள், கதவுத் தாழ்ப்பாளின் பின்னால், சுமை ஏற்றும் தொட்டியின் அடிச்சட்டத்தில் எல்லாம் பிரஷ் போக வேண்டும். சோப்பைக் கீழிருந்து மேலாகப் பூசுங்கள், அலசுவதை மேலிருந்து கீழாகச் செய்யுங்கள். மேலிருந்து பூசினால் காய்ந்த தகட்டில் சோப்பு வழிந்து கோடு விழும்.

உர லோரி என்றால் இன்னும் ஒரு படி. உரம் உப்பு, தண்ணீரை இழுக்கும். பெயிண்டுக்கு அடியில் கடுகளவு தங்கினாலும், காற்றிலுள்ள ஈரத்தைப் பெயிண்ட் வழியாகவே உறிஞ்சிக் கொப்புளம் எழுப்பும். எண்ணெய் போலத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் உர லோரியைச் சோப்புப் போட்டு ஒரு முறை, வெறும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுகிறோம். துருவை எடுத்த பிறகும் அந்தக் குழிகளை இன்னொரு முறை கழுவ வேண்டி வரும். அதை ஏழாம் படியில் சொல்கிறேன்.

தார் ஒட்டியிருந்தால் டீசல் போட்டுத் துடைப்பது இங்கே பலருக்கும் பழக்கம். தார் போகும், சரி. ஆனால் டீசல் போகாது. மெல்லிய எண்ணெய்ப் படலமாகத் தங்கிவிடும். தாருக்கும் டிகிரீஸரையே பயன்படுத்துங்கள்.

4. காய விடுதல்

வெளித்தகடு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இரண்டு தகடு சேரும் மடிப்பிலும் சட்டத்துக்குள்ளும் தண்ணீர் ஒரு நாள் கூட நிற்கும். ஸ்பிரே கன்னிலிருந்து வரும் காற்று பட்டதும் அது வெளியே துள்ளி வந்து ஈரப் பெயிண்டில் கோடு போடும்.

கம்ப்ரசர் காற்றால் எல்லா மடிப்பையும் ஊதுங்கள். தொட்டியின் வடிகால் ஓட்டைகளில் மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்தி எடுங்கள். லோரியைக் கொஞ்சம் சரிவில், பின்கதவைத் திறந்து ஓர் இரவு விட்டால் காலையில் தரையில் எவ்வளவு ஈரம் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

5. எண்ணெய் எடுக்கும் துடைப்பு

இரண்டு துணி. ஒன்று டிகிரீஸரில் நனைத்தது, இன்னொன்று உலர்ந்தது. நனைந்த துணியால் ஒரு கதவளவு இடத்தைத் துடைத்து, அது தானாகக் காய்வதற்குள் உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். திரவம் எண்ணெயைக் கரைத்து மிதக்க வைக்கிறது, அவ்வளவுதான். துடைத்து எடுக்காமல் காய விட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படிந்துவிடும். ஒரே துணியை வைத்து முழு லோரியையும் துடைத்தவர், எண்ணெயை வண்டி முழுக்கப் பங்கு போட்டிருக்கிறார்.

சரிபார்க்க நல்ல தண்ணீரைத் தெளியுங்கள். தண்ணீர் விரிந்து படலமாக நின்றால் சுத்தம். தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. இன்னொரு முறை துடையுங்கள். டயர் பளபளப்புக்கு அடிக்கும் சிலிகான் திரவத்தை இந்த நாள்களில் பட்டறைப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் சாரல் காற்றில் வந்து படிந்தாலே மீன்கண் விழும்.

6. கீழே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய பெயிண்டில் ஒளிவான இடமாகப் பார்த்து தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துத் தேயுங்கள். நிறம் துணியில் வந்தாலோ பெயிண்ட் மெத்தென்று ஆனாலோ அது ஹார்ட்னர் கலக்காத பழைய வகை. அதன் மேல் டூகே அடித்தால், புதுப் பெயிண்டின் கரைப்பான் பழையதைத் தூக்கிச் சுருக்கிவிடும். அப்படிப்பட்ட பெயிண்டை முழுதாக எடுத்துவிடுவதே நல்லது. துணி சுத்தமாகவே இருந்தால் பழைய பூச்சு கடினமானது. அது தகரத்தை இறுகப் பிடித்திருந்தால் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம். பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டம் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பெயிண்டை நம்பாதீர்கள்.

அப்புறம் காந்தம். கேபின் இரும்பு, மூடிய பெட்டி பெரும்பாலும் அலுமினியம், சில தொட்டிகளில் துத்தநாகம் பூசிய தகடு. காந்தம் ஒட்டாத அலுமினியத்தை, இரும்பு தேய்த்த தாளால் தேய்க்கக் கூடாது. இரும்புத் துகள் அதில் பதிந்து பின்னால் அரிக்கும். அலுமினியத்தைத் தேய்த்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

துத்தநாகத் தகட்டில் காந்தம் ஒட்டும், அதனால் பலரும் ஏமாறுவார்கள். சாம்பல் நிறப் பூப்பூவான தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதில் சாதாரண எண்ணெய்ப் பெயிண்டை நேரடியாக அடித்தால், துத்தநாகம் அந்த எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கும். சில மாதத்தில் பெயிண்ட் தாள் தாளாக உரியும். துத்தநாகத்துக்கும் ஏற்றது என்று டின்னில் எழுதியிருக்கும் எபோக்சி பிரைமர்தான் அங்கே போக வேண்டும்.

7. துரு

முதலில் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். செத்த தகடு பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதைப் புட்டியால் மூடுவது லோரி உரிமையாளரை ஏமாற்றுவது. அந்த வேலையை எங்கள் பட்டறையில் செய்ய விடுவதில்லை.

வெல்டிங்குக்கு முன் பேட்டரிக் கம்பியைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் லோரியின் மின் சாதனங்கள் கெட்டுப்போகலாம். டீசல் டாங்கியின் அருகே என்றால் டாங்கியைக் கழற்றித் தள்ளி வைத்த பிறகுதான் வேலை. கேபினைச் சாய்த்து வேலை செய்தால் பூட்டுக் கம்பி விழுந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

மேல் துருவுக்குக் கிரைண்டர். இதில் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது வயர் பிரஷ் சக்கரத்தால்தான். வேகமாகச் சுற்றும்போது அது துருவை எடுப்பதற்குப் பதிலாக மெருகேற்றிவிடும். பழுப்புப் பளபளப்பு இரும்பு மாதிரியே தெரியும். சந்தேகமாக இருந்தால் 80 நம்பர் தாளால் கையில் நாலு இழுப்பு இழுங்கள். வெள்ளி நிறம் வந்தால் இரும்பு, பழுப்புத் தூள் வந்தால் இன்னும் துரு.

குழிக்குள் போன துரு தாளுக்கு எட்டாது. அங்கே கூர்முனையால் குத்தி எடுத்து, வயர் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே ஊதிக் காய வைக்கிறோம். உர லோரியாக இருந்தால் பிரைமர் அடிக்காமல் ஓர் இரவு விட்டுவைப்பேன். மறுநாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தால், தகடு முழுதும் லேசாக மங்கியிருக்க, சில குழிகளின் அடியில் மட்டும் கறுப்பாக வியர்த்திருக்கும். அங்கே உப்பு தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழிகளைத் திரும்பக் கழுவித் திரும்பத் தேய்க்க வேண்டும். ஒரு நாள் வீணாகிறதே என்று உரிமையாளர் முகம் சுளிப்பார். அந்தக் குழியை அவருக்கே காட்டினால் புரிந்துகொள்வார்.

துரு மாற்றும் திரவம் போடுவதானால், உதிரும் துருவை எல்லாம் எடுத்த பிறகு எஞ்சியதற்கு மட்டும் போடுங்கள். அதில் அமிலம் இருக்கும். டின்னில் சொன்னபடி கழுவி எடுக்காமல் மேலே எபோக்சி அடித்தால் பிரைமர் சரியாக இறுகாது.

தகட்டின் கூர் விளிம்புகளை ஒரு சுற்று மழுக்கிவிடுங்கள். பெயிண்ட் காயும்போது கூர்முனையிலிருந்து விலகி மெலிந்துவிடும், துருவும் அங்கேதான் முதலில் தலை காட்டும்.

8. தேய்ப்பதும் பிரைமரும்

பெயிண்ட் உள்ள இடமும் வெறுந்தகடும் சந்திக்கும் ஓரத்தை 80, 120, 180 என்று போய்ச் சரிவாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை ஓட்டினால் படி தட்டக் கூடாது. 80-இலிருந்து நேராக 320-க்குத் தாவினால் நேரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் 80 போட்ட கீறலை 320 அழிக்காது. பெயிண்ட் காய்ந்து இறங்கியதும் வெயிலில் ஒவ்வொரு கீறலும் தெரியும்.

உர லோரிக்குச் சொன்ன அந்த ஓர் இரவுச் சோதனையைத் தவிர, வெறுந்தகட்டை இங்கே திறந்து விட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகக் கூட யோசிக்க வேண்டும். நம் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே துரு பிடிக்க ஆரம்பிக்கும். அன்றைக்குப் பிரைமர் அடிக்க முடிகிற அளவு மட்டும் தேயுங்கள். வெல்டிங் தையலிலும் விளிம்பிலும் முதலில் பிரஷால் ஒரு கோடு பூசிவிட்டு, பிறகு ஸ்பிரே.

பிரைமருக்கு முன்பே மறைப்பு வேலை முடிந்திருக்க வேண்டும்: பிரேக் குழாய், காற்றுக் குழாய், சேசிஸ் நம்பர், விளக்கு, பிரதிபலிப்பு டேப். செய்தித்தாளை ஒட்டாதீர்கள். கரைப்பான் அதன் வழியாக ஊறிப்போகும், மையும் கசியும்.

9. புட்டி

புட்டி எபோக்சி பிரைமர் மேல் போகலாம், 80 நம்பரில் தேய்த்த வெறுந்தகட்டிலும் போகலாம். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் மேல் மட்டும் போகக் கூடாது. அந்த அமிலம் புட்டியை இறுக விடாது.

ஹார்ட்னர் எடையில் 2 விழுக்காடு. 100 கிராம் புட்டிக்கு 2 கிராம். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் பிழிவார்கள். மிஞ்சிய ஹார்ட்னர் மேலே ஊறி வந்து வெள்ளை லோரியில் மஞ்சள் கறையாக நிற்கும். நம் வெயிலில் புட்டி எப்படியும் வேகமாக இறுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது புட்டிக்கு ஆகாது. பழைய கைகளில் இந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது, எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். புட்டி தண்ணீரைக் குடிக்கும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். பெயிண்ட் அடித்து லோரி வெயிலில் நின்றதும் அந்த ஈரம் மிளகளவு கொப்புளங்களாக எழும். நான் ஒரு கேபின் கதவை அப்படிக் கெடுத்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. புட்டியை எப்போதும் உலர்வாகவே, பலகை வைத்துத் தேயுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் அலை அலையாகக் குழி விழும்.

முடிந்ததும் அண்டர்கோட், அதாவது மேல் பூச்சுக்கு அடியில் போகும் பூச்சு. அது காய்ந்ததும் மேலே கறுப்புப் பெயிண்டை மெல்லிய தூறலாக அடித்து, 320, பிறகு 400. கறுப்பு போகாத இடம் பள்ளம். கண்ணுக்குத் தெரியாததை அந்தக் கறுப்பு காட்டிக் கொடுக்கும்.

10. அடிக்கும் நாள்

தீபாவளிக்கு முன் லோரி புதிதாக நிற்க வேண்டும் என்று அக்டோபரில் வரிசையாக வருவார்கள். மேற்குக் கரையில் மாலை மழை கொட்டும் காலமும் அதுதான். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அடிக்காதீர்கள். தகட்டின் சூடு, காற்றின் ஈரம் துளியாகப் படியும் சூட்டைவிட, அதாவது பனிபடியும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் தகட்டில் படிந்திருக்கும். கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஈரத்துணியால் தகட்டில் ஒரு கையகலம் துடையுங்கள். கால் மணி நேரத்துக்குள் காய்ந்தால் அடிக்கலாம். எங்களுக்குப் பெரும்பாலும் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் அந்த நேரம் கிடைக்கிறது. அதற்காக வெயிலில் நின்று கொதிக்கும் தகட்டிலும் அடிக்காதீர்கள். பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகிவிடும். கூரைக்கு அடியில் நிறுத்தி, புறங்கையை வைத்துப் பாருங்கள். சுடாமல் இருக்க வேண்டும்.

கம்ப்ரசர் தொட்டியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். மழைக்காலத்தில் காலையிலும் மதியமும் இரண்டு முறை. பிறகு தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, லோரியை மேலிருந்து கீழாக ஊதி, இரண்டு துணி முறையில் கடைசியாக ஒரு முறை டிகிரீஸர். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது; விரல் வியர்வையே போதும் கெடுக்க. தூசு ஒட்டும் பிசின் துணியை எடையில்லாமல் மேலே ஓட்டுங்கள். அழுத்தினால் அதன் பிசின் தகட்டில் இறங்கும்.

முதல் வீச்சைக் கேபின் கதவில் தொடங்காதீர்கள். பின்கதவின் கீழ்மூலையில், கீலுக்குப் பக்கத்தில் மெல்லியதாக அடித்து ஐந்து நிமிடம் பாருங்கள். எண்ணெய் தங்குவதற்கு அதைவிட நல்ல இடம் லோரியில் இல்லை. அங்கே மீன்கண் விழாவிட்டால் தொடரலாம். விழுந்தால் அதன் மேலேயே பெயிண்ட் ஊற்றி மூடப் பார்க்காமல் கன்னைக் கீழே வையுங்கள். அந்த இடம் காய்ந்ததும் டிகிரீஸரால் துடைத்து, 400-இல் தேய்த்து, இன்னொரு முறை துடைத்துவிட்டுத் திரும்ப அதே மூலையில் அடித்துப் பாருங்கள்.